செய்திப் பொதிகள் வழியறியும் விதம்

"வாயிருந்தால் வங்காளம் போகலாம்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. முன்பின் அறியாத நாட்டுக்குப் புறப்பட்டவனும், சந்திக்குச் சந்தி நின்று வழி கேட்பானாயின், சேருமிடத்தைச் சேர்ந்துவிடுவான் என்பது அதன் கருத்து. இப்பழமொழியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. வழிப்போக்கன் முழு வழியையும் முன்னரே அறிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சந்தி எதுவென அறிந்தாற் போதும் என்பது ஒன்று. சந்தியில் நிற்பவன் சரியான விடை கூறுபவனாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கணினிகளுக்கிடையே செல்லும் செய்திகளும் இவ்விரண்டையும் நம்பியே பயணஞ் செய்கின்றன. சந்தியில் நின்று வழி கூறும் இயந்திரத்துக்கு வழிப்படுத்தி என்று பெயர். றவுட்டர் என்னும் ஆங்கிலச் சொல்லாலும் அது வழங்கும்.

சந்திகள் யாவும் ஒருங்கே திகைத்து நின்றால் என்ன நேரும் என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் 1998ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 13ஆந் திகதி கண்டனர். ஏ.ரி. அன்ட் ரி. என்னும் பெரிய தொலைபேசிக் கம்பனியின் பிறேம் றிலே வலையமைப்பு அன்று செயலிழந்தது. வாடிக்கையாளர் சிலருக்கு 26 மணி நேரம் வரை இணைப்புக் கிட்டவில்லை. கடைகளிலே கடனட்டையை ஏற்க இயலாது வணிகர் தவித்தனர். வங்கிகளின் கிளைகள் தலைமைக் காரியாலயத்தோடு பேசமுடியாமற் போயிற்று. அதுவரை பொறியியலாளர் மாத்திரமே அறிந்திருந்த பிறேம் றிலே என்னும் பெயர் மறுநாட் பத்திரிகைகளில் இடம்பெற்றது. இவ்வலையமைப்பு எத்தகையது, அதன் வாயிலில் நிற்கும் வழிப்படுத்தியை எவ்வாறு ஒழுங்கு செய்தனர், அதில் நேரும் பிழைகள் யாவை என்பன அறியத்தக்கவை.

ஒரு வங்கிக்குத் தலைநகரில் ஒரு தலைமைக் காரியாலயமும் வெவ்வேறு ஊர்களில் 24 கிளைகளும் உள்ளன எனக் கொள்க. தலைமைக் காரியாலயத்தையும் ஒவ்வொரு கிளையையும் தனித்தனிக் கம்பியால் இணைப்பது பழைய முறை. தொலைபேசிக் கம்பனியிடமிருந்து வாடகைக்குப் பெறப்படும் அக்கம்பி வங்கிக்கே உரியது. பகலிற் சில நிமிடங்கள் மாத்திரமே செய்தி சென்றாலும், இராமுழுதும் ஒன்றுமே செல்லாதிருந்தாலும், வாடகை குறையாது. ஊர்களுக்கிடையே தூரம் மிகுந்தால் வாடகையும் மிகும்.

இக்குறையை நீக்கப் பொதி ஆளியிடல் என்னும் முறை எழுந்தது. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியிலும் குறியொன்றை இட்டு, பலருக்கும் பொதுவான கம்பிகளின் வழியே அனுப்புவதே அம்முறை. தபாற் பைகள் பல ஒரே புகையிரதத்திற் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். 1976இல் அனைத்துலகக் குழுவொன்று வகுத்த எக்ஸ்.25 என்னும் விதி இவ்வகையில் முன்னோடியாகும். அக்காலத்துக் கம்பிகளில் இரைச்சல் மிகுதி. ஆகவே பொதி சென்றடையும் ஒவ்வோர் ஆளியிலும் அதனைச் சோதித்து, பழுதுபட்டிருந்தால் மீண்டும் கேட்டுப் பெற்று, அதன் பின்னரே அப்பாற் செலுத்தினர். இது பாதுகாப்பானது, ஆனால் தாமதம் மிக்கது.

கண்ணாடி இழைக் கம்பிகள் பரவியபின் நிலைமை மாறிற்று. அவற்றில் இரைச்சல் மிகக் குறைவு. சந்திதோறும் பொதியைத் திருத்திக்கொண்டிருத்தல் வீண்வேலை என்பதைப் பொறியியலாளர் உணர்ந்தனர். பழுதுபட்ட சட்டகத்தை ஆளி எறிந்துவிடட்டும். அதனை மீண்டும் அனுப்பும் பொறுப்பை இரு முனைகளிலும் உள்ள கணினிகளே ஏற்கட்டும் என்று அவர்கள் கருதினர். இக்கருத்தின் மீது அமைந்ததே பிறேம் றிலே. பிறேம் என்பது சட்டகம். றிலே என்பது கைமாற்றி அனுப்புதல். 1984இல் இதற்கான முன்மொழிவு அனைத்துலகக் குழுவின்முன் வைக்கப்பட்டது. 1990இல் சிஸ்கோ, டிஜிற்றல், நோர்தேண் ரெலிகொம், ஸ்ராற்றாகொம் ஆகிய நான்கு கம்பனிகள் ஒன்றுகூடி இதனை நடைமுறைக்கு ஏற்றவாறு விரித்தன. அதன்பின் 10 ஆண்டுக் காலத்துக்கு மேலாக வங்கிகளும் வணிக நிறுவனங்களும் இதனையே பெரிதும் நாடின.

பிறேம் றிலே வலையமைப்பில் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது தனிக் கம்பியன்று. தனிக் கம்பியைப் போலத் தோன்றும் ஒரு பாதையே. இதற்கு நிலையான மெய்நிகர்ச் சுற்று என்று பெயர். தலைமைக் காரியாலயத்திலிருந்து கம்பனியின் அண்மை ஆளிவரை ஒரே ஒரு கம்பி செல்லும். அக்கம்பியினுள்ளே 24 கிளைகளுக்குமுரிய 24 சுற்றுக்கள் அடங்கியிருக்கும். எந்தச் சட்டகம் எந்தச் சுற்றுக்குரியது என்பதைத் தெரிவிக்க, அதன் தலைப்பில் 10 பிட் நீளமுள்ள இலக்கமொன்று பொறிக்கப்படும். டி.எல்.சி.ஐ. என்னும் நான்கு எழுத்துக்களால் அது குறிக்கப்படும். 10 பிட்டுகளால் 0 முதல் 1023 வரை 1024 இலக்கங்களை எழுதலாம். அவற்றுட் சில வலையமைப்பின் சொந்தத் தேவைக்கென ஒதுக்கப்பட்டவை. வாடிக்கையாளருக்கு வழக்கமாக 16 முதல் 1007 வரையுள்ளவை வழங்கப்படும்.

இவ்விலக்கத்தைப் பற்றி முதன்முதல் அறிய வேண்டியது, அது உலகுக்குப் பொதுவான முகவரியன்று என்பதே. அதன் பொருள் அந்தக் கம்பியளவில் மாத்திரமே செல்லும். தலைமைக் காரியாலயம் ஒரு சட்டகத்தில் 101 என்னும் இலக்கத்தை இட்டு அனுப்பலாம். வழியிலுள்ள ஆளிகள் அதனை மாற்றி மாற்றி எழுதி, கிளையிற் சேரும்போது அது 40 எனத் தோன்றலாம். இரண்டும் ஒரே சுற்றின் இரு முனைகள். ஒவ்வொரு தெருவிலும் 12ஆம் இலக்க வீடு ஒன்று இருத்தல்கூடும். தெருவைச் சொல்லாது இலக்கத்தை மாத்திரம் சொன்னால் யாருக்கும் விளங்காது. புதிதாகப் பயிலுவோர் பலர், மறுமுனையின் இலக்கத்தைத் தம் இயந்திரத்தில் எழுதிவிட்டுச் செய்தி செல்லவில்லையென மயங்கியது இதனை மறந்தமையாலேயே.

கம்பனியோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் மற்றுமொரு செய்தி உண்டு. கம்பியின் வேகம் ஒன்று. கம்பனி உறுதியளிக்கும் வேகம் வேறொன்று. செக்கனுக்கு 64 கிலோபிட் செல்லக்கூடிய கம்பியில் 32 கிலோபிட்டுக்கு மாத்திரம் உறுதி பெறலாம். அதற்கு மேற்பட்டுச் செல்லும் சட்டகங்களில் ஒரு பிட் குறியிடப்படும். பாதையில் நெருக்கம் ஏற்பட்டால் அக்குறி பெற்றவையே முதலில் எறியப்படும். நெருக்கம் உண்டு என்பதை முன்னே செல்லும் சட்டகத்தின் மூலம் பெறுபவருக்கும், திரும்பி வரும் சட்டகத்தின் மூலம் அனுப்பியவருக்கும் அறிவிக்க வேறு இரு பிட்டுகள் உண்டு. அறிவிப்பதோடு வலையமைப்பின் கடமை முடிந்துவிடும். வேகத்தைத் தணிப்பது முனையில் உள்ளோரின் பொறுப்பு.

இனி, வழிப்படுத்தியின் இடைமுகத்தை ஒழுங்கு செய்யும் முறையை நோக்கலாம். இடைமுகம் என்பது கம்பி வந்து பொருந்தும் வாயில். அவ்வாயிலில் நான்கு காரியங்கள் ஒழுங்காதல் வேண்டும்.

முதலாவது, பொதியைச் சட்டகத்துள் வைத்துக் கட்டும் முறை. சிஸ்கோ கம்பனி தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. எல்லாருக்கும் பொதுவான முறையொன்று 1993இல் 1490ஆம் இலக்க இணைய ஆவணத்தில் வகுக்கப்பட்டது. ஒரு முனையில் ஒரு கம்பனியின் இயந்திரமும் மறுமுனையில் மற்றொரு கம்பனியின் இயந்திரமும் இருப்பின், பொது முறையையே இரு முனைகளிலும் கைக்கொள்ள வேண்டும். இல்லையெனில் சட்டகம் வந்து சேரும். ஆனால் அதனைத் திறந்து படிக்க இயலாது.

இரண்டாவது, அண்மை ஆளியோடு நலம் விசாரிக்கும் முறை. வழிப்படுத்தி வழக்கமாக 10 செக்கனுக்கு ஒருமுறை ஆளியை நோக்கி, "இருக்கின்றாயா?" என்று கேட்கும். ஆறாவது முறை கேட்கும்போது, சுற்றுக்கள் யாவற்றினதும் நிலையை ஆளி ஒப்புவிக்கும். சுற்று இயங்குகின்றது, மறுமுனை இயங்கவில்லை, அத்தகைய சுற்றே இல்லை என விடை மூவகைப்படும். இந்த உரையாடலுக்கு மூன்று மொழிகள் வழக்கிலிருந்தன. ஆளி பேசும் மொழியையே வழிப்படுத்தியும் பேசுதல் வேண்டும்.

மூன்றாவது, முகவரி. ஒவ்வோர் இடைமுகத்துக்கும் இணைய முகவரி ஒன்று தரப்படும். நான்காவது, மறுமுனையின் முகவரியையும் தன் பக்கத்துச் சுற்றிலக்கத்தையும் பொருத்தும் அட்டவணை. இதனைப் பொறியியலாளர் தம் கையால் எழுதலாம். அன்றேல், 1992இல் வகுக்கப்பட்ட முறையொன்றின்படி, "இச்சுற்றின் மறுமுனையில் இருப்பவரின் முகவரி யாது?" என்று வழிப்படுத்தி தானே கேட்டு அறிந்துகொள்ளலாம். ஆனால் இக்கேள்விக்கு, அச்சுற்றின் நேர் மறுமுனையில் உள்ளவரே விடை கூறுவர். அவருக்கும் அப்பால் உள்ளோரைப் பற்றி இதனால் அறியமுடியாது. பின்னே வரும் இடர்களுட் சில இதனின்றே பிறக்கின்றன.

இனிச் சுற்றுக்களை அமைக்கும் விதம். 25 காரியாலயங்களும் ஒன்றோடொன்று நேரே இணைய வேண்டுமாயின் 300 சுற்றுக்கள் வேண்டும். 25ஐ 24ஆற் பெருக்கி இரண்டாற் பிரித்தால் இத்தொகை கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் மாதக் கட்டணம் உண்டு. ஆகவே பெரும்பாலோர் தலைமைக் காரியாலயத்தை வண்டிச் சக்கரத்தின் குடமாகவும், கிளைகளை ஆரக்கால்களாகவும் அமைத்து 24 சுற்றுக்களோடு அமைந்தனர். ஒரு கிளை மற்றொரு கிளையோடு பேச விரும்பின் தலைமைக் காரியாலயத்தின் ஊடாகவே பேசவேண்டும். செலவு குறைந்தது, ஆனால் வழியறிதலிற் சிக்கலொன்று புகுந்தது.

வழிப்படுத்திகள் தாம் அறிந்த வழிகளை அயலாருக்குக் கூறும் முறைகளுள் றிப் என்பது பழையது. அதன் விதி 1988இல் ஆவணமாக வெளிவந்தது. 30 செக்கனுக்கு ஒருமுறை ஒவ்வொரு வழிப்படுத்தியும், "இந்த வலையமைப்பு என்னிடமிருந்து இத்தனை சந்தித் தூரத்தில் உள்ளது" என்று அயலாருக்கு அறிவிக்கும். 15 வரை எண்ணலாம். 16 என்றால் அடையமுடியாதது என்று பொருள். இதில், ஒருவரிடமிருந்து கேட்ட செய்தியை அவருக்கே திருப்பிச் சொல்லக்கூடாது என்னும் ஒழுங்கு உண்டு. நடைமுறையில், ஒரு வாயிலின் வழி வந்த செய்தியை அதே வாயிலின் வழி வெளியே கூறுவதில்லை என்று அது செயற்படும்.

பிறேம் றிலேயில் 24 கிளைகளும் ஒரே வாயிலின் வழியே வருகின்றன. முதலாங் கிளை தன் வலையமைப்பைத் தலைமைக் காரியாலயத்துக்கு அறிவிக்கின்றது. அச்செய்தி அவ்வாயிலின் வழியே வந்தது. ஆதலால் மேற்கூறிய ஒழுங்கு நிலவுமிடத்து, அவ்வாயிலின் வழியாக இரண்டாங் கிளைக்கு அதனைக் கூறுதல் ஆகாது. விளைவு யாது? தலைமைக் காரியாலயம் எல்லாக் கிளைகளையும் அறியும். கிளைகள் ஒன்றையொன்று அறியா. கம்பி நன்றாயிருக்கும், சுற்று நன்றாயிருக்கும், முகவரியும் சரியாயிருக்கும். இருந்தும் செய்தி போகாது.

அவ்வொழுங்கை நீக்கிவிட்டால் என்ன என்று வினவலாம். நீக்கலாம்; சில இயந்திரங்களில் அது நீக்கப்பட்ட நிலையிலேயே வரும். ஆனால் அவ்வொழுங்கு காரணமின்றித் தோன்றியதன்று. முதலாங் கிளையின் வலையமைப்பு தலைமைக் காரியாலயத்துக்கு 2 என்னும் தூரத்திலும், இரண்டாங் கிளைக்கு 3 என்னும் தூரத்திலும் இருப்பதாகக் கொள்க. முதலாங் கிளையின் கம்பி அறுந்துவிட்டது. தலைமைக் காரியாலயம் வழியிழந்து நிற்கையில், "எனக்கு 3 தூரத்தில் ஒரு வழி தெரியும்" என்று இரண்டாங் கிளை அறிவிக்கின்றது. அந்த வழி தன் ஊடாகவே செல்வது என்பதை உணராத தலைமைக் காரியாலயம், "அப்படியாயின் எனக்கு 4" என்று எழுதிக்கொள்ளும். அதைக் கேட்ட கிளை 5 என்று திருத்தும். இவ்வாறே 16 வரை எண்ணிய பின்னரே இருவரும் மயக்கந் தெளிவர். அதுவரை பொதிகள் இருவருக்குமிடையே வீணே அலைந்துகொண்டிருக்கும். வதந்தி பரவுவதும் இவ்விதமே: தான் கூறியதையே மற்றொருவர் வாயிலாகக் கேட்பவன், அதனைப் புதிய சான்றாகக் கொண்டுவிடுகின்றான்.

ஆகவே தக்க தீர்வு வேறாயிற்று. கம்பி ஒன்றேயாயினும், அவ்வாயிலை 24 உட்பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுற்றை மாத்திரம் ஒதுக்கலாம். ஒவ்வொரு பிரிவும் தனி வாயிலாகக் கருதப்படும். ஒரு வாயிலில் வந்த செய்தியை மற்றொரு வாயிலிற் கூறத் தடையில்லை. ஒழுங்கும் காக்கப்படும், செய்தியும் பரவும். இதற்குச் சிறிது விலை உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரித் தொகுதி தேவை. ஒரு தொகுதியில் நான்கு முகவரிகள் அடங்கினாலும் இரண்டையே இயந்திரங்களுக்கு வழங்கலாம். 24 கிளைகளுக்கு 96 முகவரிகள் செலவாகும். நிறுவனத்தின் உள்ளே மாத்திரம் வழங்கும் தனியார் முகவரிகளைக் கொண்டோர்க்கு இது பெருஞ் செலவன்று.

ஓ.எஸ்.பி.எஃப். என்பது மற்றொரு வழியறி முறை. இதில் வழிப்படுத்திகள் தூரத்தை மாத்திரம் கூறாது, தம் இணைப்புக்கள் யாவை என்பதையே ஒருவருக்கொருவர் அறிவித்து, முழு நாட்டின் வரைபடத்தையும் தாமே வரைந்துகொள்கின்றன. ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறைப்படி, அவ்வரைபடத்திலிருந்து குறுகிய வழியைக் கணிக்கின்றன. ஒரே அறையில் உள்ள கணினிகள் எல்லாருங் கேட்கக் கூவியழைத்து அறிமுகமாகலாம். பிறேம் றிலேயிலோ கூவினால் எல்லாருக்குங் கேட்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனியே கூறவேண்டும். அயலார் யாவர் என்பதைக் கையால் எழுதவேண்டியும் நேரும். அன்றியும், செய்தியைத் திரட்டிப் பகிரத் தலைவரொருவர் வேண்டுமிடத்து, எல்லாக் கிளைகளோடும் நேர்ச்சுற்று உள்ள தலைமைக் காரியாலயமே தலைமை ஏற்கவேண்டும். கிளையொன்று தலைமையேற்றால், அதனை நேரே காணவியலாத ஏனைய கிளைகள் செய்தியின்றி வாடும். இதனைத் தடுக்கக் கிளைகளின் முதன்மை எண்ணைப் பூச்சியம் என எழுதிவைப்பர்.

வழியை அறிந்தபின்னும் ஓர் இடர் எஞ்சும். "மூன்றாங் கிளைக்கு அடுத்த சந்தி மூன்றாங் கிளையே" என்று வரைபடம் கூறலாம். ஆனால் மூன்றாங் கிளைக்கு நேர்ச்சுற்று இல்லையாதலால், அதன் முகவரியைத் தலைமைக் காரியாலயத்துச் சுற்றிலக்கத்தோடு பொருத்தி அட்டவணையிற் கையால் எழுதவேண்டும். இயந்திரம் தானே கேட்டு இதனை அறியாது. மேலும், அயலாரை நலம் விசாரிக்கும் இடைவேளை ஒரு முனையில் 10 செக்கனும் மறுமுனையில் 30 செக்கனுமாக இருந்தால், இருவரும் ஒருவரையொருவர் அயலாராக ஏற்கமாட்டார். வாயிலின் வகையை இரு முனைகளிலும் வெவ்வேறாக எழுதியவிடத்து இப்பிழை தானே விளையும். இரு பக்கமும் தனித்தனியே நோக்கினாற் சரியே. சேர்த்து நோக்கினாற்றான் பிழை புலப்படும்.

இத்துணை கவனமும் வாயிலைப் பற்றியது. வாயிலுக்கு அப்பால் உள்ளது கம்பனியின் வலையமைப்பு. அதனைப் படத்தில் ஒரு முகிலாக வரைவது வழக்கம். 1998இல் பிழை நேர்ந்தது அம்முகிலினுள்ளே. ஓர் ஆளியின் சுற்றட்டையில் மென்பொருளைப் புதுப்பிக்குங்கால் நேர்ந்த தவறொன்றால், ஆளிகள் தமக்குள் அனுப்பும் நிருவாகச் செய்திகள் வெள்ளமாய்ப் பெருகி, ஏனைய ஆளிகளையும் மூழ்கடித்தன. பிழையின் காரணத்தைக் கண்டு திருத்தும்வரை கட்டணம் அறவிடுவதில்லையென அக்கம்பனி அறிவித்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் எம்.சி.ஐ. வேள்ட்கொம் என்னும் கம்பனியின் பிறேம் றிலே வலையமைப்பிலும், மென்பொருளைப் புதுப்பித்ததையொட்டி ஏறத்தாழ 10 நாட்கள் தொல்லை நீடித்தது. சிக்காகோ நகரின் தானிய வாணிகச் சபையினது மின்னணு வியாபாரமும் அதனாற் பாதிக்கப்பட்டது.

இத்தகைய வேளைகளில் தப்பியோர், மாற்றுவழியை முன்னரே அமைத்திருந்தோர் ஆவர். கிளையின் வழிப்படுத்தியில் தொலைபேசி வழியான இரண்டாம் இணைப்பொன்றை அமைத்து, அதன் வழியை நம்பிக்கை குறைந்ததென எழுதிவைக்கலாம். முதல் வழி உள்ளவரை அது மறைந்திருக்கும். முதல் வழி மறைந்தவுடன் அது மேலெழும். ஆனால் முதல் வழி இறந்துவிட்டது என்பதை வழிப்படுத்தி அறியவேண்டுமே! அண்மை ஆளி, "நான் நலம்" என்று விடை கூறிக்கொண்டிருக்கையில், முகிலின் நடுவே பாதை அற்றிருத்தல் கூடும். அப்பொழுது வாயிலை மாத்திரம் நம்பியிருக்கும் வழிப்படுத்தி, வழி உண்டென்றே எண்ணிப் பொதிகளைப் பாழில் எறிந்துகொண்டிருக்கும். ஆகவே அண்மை ஆளியின் சொல்லோடு அமையாது, மறுமுனையில் உள்ளவரிடமே நேரில் நலம் விசாரிக்கும் ஏற்பாடும் இன்றியமையாதது.

பிறேம் றிலேயின் காலம் இன்று கடந்துவிட்டது. எம்.பி.எல்.எஸ். என்னும் முறையும், ஈதர்நெற் இணைப்புக்களும், இணையத்தின் ஊடே செல்லும் மறைகுறிச் சுற்றுக்களும் அதன் இடத்தைக் கொண்டன. ஆயினும் அது கற்பித்தவை மறையவில்லை. 2001இல் ஆவணமாக வகுக்கப்பட்ட எம்.பி.எல்.எஸ். முறையிலும் பொதிக்கு இடப்படும் சிட்டை, அந்தந்த இணைப்பளவிலேயே பொருள் தருவது. சந்திக்குச் சந்தி மாறுவது. குடமும் ஆரக்காலுமாய் அமைந்த வலையமைப்புக்கள் இன்றும் உள்ளன. மாற்றுவழி இல்லாத நிறுவனங்கள் திகைத்து நிற்பதும் இன்றும் நிகழ்கின்றது.

வங்கியிற் பணம் பெற நிற்கும் முதியவரும், கடையில் அட்டையை நீட்டும் தாயும் வழிப்படுத்தியைக் கண்டதில்லை; காணவேண்டியதுமில்லை. ஆனால் எங்கோ ஓர் அறையில், அட்டவணையில் ஒரு வரியைச் சரியாக எழுதிய ஒருவருடைய கவனத்தின் மேலேதான் அவர்களுடைய அன்றைய காரியம் தங்கியுள்ளது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பது மெய். வழி சொல்பவன் தான் சொல்வதை அறிந்து சொல்லுதலும், ஒரு வழி அடைபடின் மறுவழி காட்டுதலும் அப்பழமொழி கூறாது விட்ட பாதியாகும்.